நாற்காலி இல்லாத 16 வாரங்கள்

பயிற்சிப் பள்ளியில் உங்களுக்கென்று நாற்காலி இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் போய் மனம் நொந்தவர்கள் நிறையப் பேர். ஆசிரியர் அறையில் இருக்கும் நாற்காலிகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் உண்டு. யாரும் பெயர் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் ஜன்னலோர நாற்காலி கணக்கு டீச்சருடையது, மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பது பி.டி. சாருடையது என்பது உங்களைத் தவிர அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். நூலகம், ஆய்வகத்தின் பின்பக்க மேசை, படிக்கட்டுக்குக் கீழே போட்டிருக்கும் பழைய பெஞ்சு, இப்படி எங்காவது ஓர் இடம் கிடைக்கும். கிடைத்த இடத்தில் நான்கைந்து பயிற்சி மாணவர்கள் நெருக்கி உட்கார்ந்து ரெக்கார்டு எழுதுவீர்கள்.

இரண்டாண்டுப் பி.எட். வந்த பிறகுதான் இவ்வளவு நீண்ட பயிற்சி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி 2015-16 கல்வியாண்டிலிருந்து படிப்பு இரண்டாண்டானது; பள்ளியில் இருக்கவேண்டிய காலம் மொத்தம் 20 வாரம் என்றானது. முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16 என்று பிரிப்பது வழக்கம். நான் படித்தது ஒரு வருடப் பி.எட். காலத்தில். பிள்ளைகளின் பெயர் மனத்தில் பதிவதற்குள் பயிற்சி முடிந்து, சாக்லேட் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். விருந்தாளியாக ஒருவர் நான்கு நாள் இருக்கலாம், நான்கு மாதம் இருக்க முடியாது. அதனால் இப்போது போகிறவர்கள் அந்தப் பள்ளியின் ஆளாகவே ஆகிவிட வேண்டியிருக்கிறது. பிற்பாடு நானே வழிகாட்டி ஆசிரியராகி, வருடா வருடம் வரும் பயிற்சி மாணவர்களை வகுப்பின் கடைசிப் பெஞ்சிலிருந்து பார்த்துவருகிறேன். இந்த அத்தியாயத்தில் எழுதுவது பெரும்பாலும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தது.

முதலில் நாள் கணக்கு. வாரத்துக்கு 5 நாள் என்றால் 16 வாரத்துக்கு 80 நாள். பள்ளிப் பயிற்சியில் 90 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி; கல்லூரி வகுப்புகளுக்கு 80 போதும், இங்கே அது செல்லாது. ஆக, 72 நாள் கட்டாயம் இருந்தாக வேண்டும். கையில் இருப்பது 8 நாள். அக்கா கல்யாணம், காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் அந்த எட்டுக்குள்தான். முதல் மாதத்திலேயே ஐந்தைச் செலவழித்துவிட்டு, மழைக்காலத்தில் சளி பிடித்துக்கொண்டு, 101 டிகிரி காய்ச்சலோடு வகுப்புக்கு வந்து நின்ற ஒரு பெண்ணை நான்தான் வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். குறைந்தது 4 நாளைக் கடைசி இரண்டு மாதத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

காலை மணிக்கு முன்னால்

மணி அடிக்க 20 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருகிற பேருந்து எது என்று முதல் வாரத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய பேருந்து எது என்றும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் மாதத்துக்கு இரண்டு நாள் உங்கள் பேருந்து வராது. பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. ஆனால் அந்தப் பேருந்தில் எட்டு மணிக்கு நிற்க இடம் கிடைக்காது என்பதையும், சார்ட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அதில் ஏறினால் இறங்கும்போது அது சார்ட்டாக இருக்காது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். சார்ட்டை முதல் நாள் மாலையே பள்ளியில் வைத்துவிட்டு வருவது நல்லது. பூட்டுள்ள அலமாரி கிடைக்காவிட்டால் ஆய்வகத்தில் வைக்கலாமா என்று ஆய்வக உதவியாளரிடம் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் நீங்கள் முதலில் சிநேகம் பிடிக்கவேண்டிய ஆள் அவர்தான். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று தலைமையாசிரியரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

போனதும் கையெழுத்து. பயிற்சி மாணவர்களுக்குத் தனி வருகைப் பதிவேடு இருக்கும். அன்றன்றைக்கு அன்றன்றே போடுங்கள். வெள்ளிக்கிழமை ஒரேயடியாக ஐந்து நாளுக்கும் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லும் நண்பர் உங்கள் குழுவிலும் ஒருவர் இருப்பார். ஒரே மையில் ஒரே சாய்வில் விழுந்த ஐந்து கையெழுத்தைக் கண்டுபிடிக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் கண்ணாடி தேவைப்படாது.

காலை வணக்கக் கூட்டத்தில் பயிற்சி மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து ஓரமாக ஒரு வரிசை நிற்பது வழக்கம். நீங்கள் உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் போய் நில்லுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், செய்தி எல்லாம் முடிய ஆகும் பத்துப் பதினைந்து நிமிடத்தில், எந்தப் பிள்ளை தினமும் கடைசியில் ஓடி வருகிறது, எது வெயிலில் நிற்க முடியாமல் தள்ளாடுகிறது, யார் பக்கத்தில் யார் நிற்க மாட்டேன் என்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பிற்பாடு தனியாள் ஆய்வுக்கு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே, அதற்கு வேண்டிய விஷயத்தில் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

பெயர்கள். மூன்று நாளுக்குள் முழு வகுப்பின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். இருக்கை வரைபடம் ஒன்று போட்டு, பாடநூலின் உள்ளட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பார்கள், எம். கார்த்திக், எஸ். கார்த்திக், ஆர். கார்த்திக் என்று முன்னெழுத்தோடு கூப்பிடுவார்கள். அதே மாதிரி கூப்பிடுங்கள். பட்டப்பெயர் காதில் விழும், அதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ரெக்கார்டில் யாரும் தப்பாகப் பதில் சொல்வதில்லை

பயிற்சி மாணவருக்கு ஒரே நாளில் இரண்டு வேலை. ஒன்று, பாடம் நடத்துவது. மற்றொன்று, நடத்தியதாக எழுதிக் காட்டுவது. முதல் வேலைக்கு 40, 45 நிமிடம்தான். இரண்டாவது வேலை ராத்திரி பதினொன்றரை வரை இழுக்கும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், இரண்டாவது வேலை கண்ணுக்குத் தெரிகிறது, தொட்டுப் பார்க்க முடிகிறது, கோடு போட்டு, அட்டை போட்டு, மதிப்பெண் வாங்குகிறது. அதனால் அது மெதுவாக முதல் வேலையைத் தின்னத் தொடங்கிவிடும். மூன்றாவது வாரம் பார்த்தால், வகுப்புக்குப் போவதே ரெக்கார்டில் எழுதியதை ஒப்பிக்கத்தான் என்று ஆகியிருக்கும்.

லெசன் பிளான் வடிவம் உங்களுக்குப் பழக்கமானதுதான். ஹெர்பார்ட் வழிவந்த படிகள், புளூம் 1956-இல் வகுத்த நோக்கங்கள், பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆசிரியர் செயல்பாடு, மாணவர் செயல்பாடு, கரும்பலகைச் சுருக்கம், மதிப்பீடு. இதில் மாணவர் செயல்பாடு என்ற கட்டத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். "மாணவர்கள் உற்றுநோக்கி அறிகின்றனர்." "மாணவர்கள் சரியான விடையைக் கூறுகின்றனர்." இதையெல்லாம் முந்தின நாள் இரவே எழுதிவிடுகிறோம். நாளைக்கு நடக்கப்போவதை, நடந்துவிட்ட தொனியில். நான் திருத்திய ரெக்கார்டுகளில் இதுவரை ஒரு பிள்ளைகூடத் தப்பாகப் பதில் சொன்னது கிடையாது.

என் கதையையே சொல்கிறேன். எட்டாம் வகுப்பு அறிவியலில் விசையும் அழுத்தமும் பாடம். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தம் கூடும் என்று காட்ட வேண்டும். எல்லோரும் செய்கிற சோதனைதான்: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், கோணி ஊசியைக் காய்ச்சி மேல், நடு, கீழ் என மூன்று ஓட்டை, மேலே செலோடேப். பாட்டிலை நிரப்பி டேப்பை உரித்தால் கீழ் ஓட்டைத் தண்ணீர்தான் அதிகத் தூரம் பாயும். ரெக்கார்டில் முதல் நாளே படம் வரைந்து, மூன்று தாரைக்கும் நீல ஸ்கெட்ச் பேனாவில் வளைகோடு போட்டு, "கீழ்த்துளை நீர் அதிகத் தொலைவு பாய்வதை மாணவர்கள் உற்றுநோக்கி அறிகின்றனர்" என்றும் எழுதிவிட்டேன். மேசை மேல் ஒரு தாம்பாளம், அதன் மேல் பாட்டில். டேப்பை உரித்தேன்.

நடு ஓட்டைத் தண்ணீர்தான் தூரமாகப் போய் விழுந்தது.

"சார், நடுவுல உள்ளதுதான் சார் தூரமாப் போவுது" என்றான் மூன்றாவது பெஞ்சுப் பையன் ஒருவன். நான் பார்த்தேன். அவன் சொன்னது உண்மை. ஆனாலும் வாய், "இல்லப்பா, நல்லாப் பாரு, கீழ உள்ளதுதான்" என்றது. சொல்லிக்கொண்டே துணியால் மேசையைத் துடைத்துவிட்டேன். வகுப்பில் 40 பேரும் நல்லாப் பார்த்தார்கள். நடு ஓட்டையைத்தான் பார்த்தார்கள். ஆனால் சார் சொல்லிவிட்டாரே என்று நோட்டில் கீழ் ஓட்டை என்று எழுதினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியை ஏதோ குறித்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

மணி அடித்த பிறகு கூப்பிட்டார். "தம்பி, வீட்டுல ஒரு தடவை செஞ்சு பாத்தீங்களா?"

"இல்லீங்க டீச்சர். படம் தெளிவா இருந்துச்சு, அதான்…"

"படத்துல பாட்டில் எதுமேல நிக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே சொன்னார். கீழ் ஓட்டையிலிருந்து தண்ணீர் வேகமாகத்தான் வெளியே வருகிறது. ஆனால் பாட்டில் மேசையிலேயே நிற்பதால் அது விழுவதற்கு உயரமே இல்லை. கொஞ்ச தூரம் போவதற்குள் மேசையைத் தொட்டுவிடும். நடு ஓட்டைக்கு வேகமும் ஓரளவு உண்டு, விழ உயரமும் உண்டு. அதனால் அது முந்திக்கொள்கிறது. பாட்டிலை மேசை விளிம்புக்கு நகர்த்தி, தண்ணீரைத் தரையில் விழவிட்டால் கதை மாறும். மூன்றுக்கும் விழும் உயரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும், அப்போது வேகம்தான் பேசும், கீழ் ஓட்டை ஜெயிக்கும்.

மறுநாள் அந்தப் பையனையே முன்னால் கூப்பிட்டு, முதலில் மேசை நடுவிலும் பிறகு விளிம்பிலும் வைத்துச் செய்யச் சொன்னேன். தரையில் தண்ணீர் விழுந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் குறித்தான். "நேத்து நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்று வகுப்பின் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறியது. சொன்னேன். ரெக்கார்டில் மட்டும் அந்த நீல வளைகோடுகள் அப்படியே இருந்தன, பத்துக்கு எட்டு மதிப்பெண்ணோடு.

அதனால் என்னிடம் வரும் பயிற்சி மாணவர்களுக்கு இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்வேன். வகுப்பில் செய்து காட்டப்போகிற எதையும், அது காகிதத்தை மடிப்பதாக இருந்தாலும், முதல் நாள் மாலை ஒரு முறை செய்து பாருங்கள். எந்த மேசையில் செய்யப்போகிறீர்களோ அதே மேசையில். இரண்டாவது, 40 பக்கச் சின்ன நோட்டு ஒன்று சட்டைப் பையிலோ கைப்பையிலோ எப்போதும் இருக்கட்டும். வகுப்பு முடிந்த ஐந்து நிமிடத்துக்குள், படிக்கட்டில் நின்றுகொண்டேயாவது, மூன்று வரி எழுதுங்கள்: யார் என்ன தப்பாகச் சொன்னார்கள், எங்கே வகுப்பு சலசலத்தது, எது நேரத்துக்குள் முடியவில்லை. பிரதிபலிப்புக் குறிப்பு, தினக்குறிப்பு என்று கல்லூரி கேட்பதையெல்லாம் மாலையில் இந்த மூன்று வரியிலிருந்தே எழுதிவிடலாம். ராத்திரி உட்கார்ந்து, "இன்றைய வகுப்பு சிறப்பாக அமைந்தது" என்று இல்லாததை இட்டுக்கட்டும் வேலை மிச்சம்.

நுண்ணிலைக் கற்பித்தலில் பழகியது என்ன ஆகும்?

கல்லூரியில் நண்பர்களையே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்காரவைத்துச் செய்தீர்களே, அந்த நுண்ணிலைக் கற்பித்தலைப் பலர் நாடகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். 1960-களில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை அது. நம் நாட்டில் பழக்கத்தில் உள்ள சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுதிட்டம், மறுபடி 6 கற்பித்தல், 6 பின்னூட்டம். இருபத்து நான்கு வயது ஆள் கையைக் கட்டிக்கொண்டு, "தெரியலை மிஸ்" என்று குழந்தைக் குரலில் சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சுற்றில் மதிப்புள்ளது கற்பிக்கும் ஆறு நிமிடம் இல்லை, நடுவில் வரும் 12 நிமிட மறுதிட்டம். அதைத்தான் பள்ளிக்கு வந்ததும் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அது உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் வழி ஒன்று உண்டு. ஒரே பாடத்தை 8-ஏ, 8-பி என இரண்டு பிரிவுக்கும் எடுக்க வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். காலையில் ஏ பிரிவு, மதியத்துக்கு மேல் பி பிரிவு என்று அமைந்தால் இன்னும் நல்லது. ஏ பிரிவில் சொதப்பியதைச் சாப்பாட்டு நேரத்தில் மாற்றிக்கொண்டு பி பிரிவில் செய்து பார்க்கலாம். இதனால் ஏ பிரிவுக்கு நியாயம் இல்லைதான். அடுத்த பாடத்தில் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கரும்பலகை

இதற்குத் தனி அத்தியாயமே எழுதலாம். இங்கே தேவையானது மட்டும். வலது மேல் மூலையில் பதிவு, வருகை எழுதும் கட்டம் இருக்கும். பதிவு 42, வருகை 39 என்று வகுப்புத் தலைவர் எழுதியிருப்பார். அதை அழிக்காதீர்கள். பலகையைத் துடைக்கும் வேகத்தில் அதையும் சேர்த்துத் துடைத்துவிட்டுத் திட்டு வாங்காத பயிற்சி மாணவர் குறைவு; சத்துணவுக் கணக்குக்கு அந்த எண்ணைப் பார்த்துப் போக ஆள் வருவார்.

எழுதும்போது பிள்ளைகளுக்கு முழுசாக முதுகைக் காட்டக் கூடாது என்பார்கள். எல்லோரும் சொல்வார்கள், எப்படி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இடது தோள் வகுப்புப் பக்கம் இருக்கும்படி, பலகைக்கு அரைவாசி சாய்ந்து நின்று, முழங்கையை மடக்காமல் எழுதிப் பழகுங்கள். மாலையில் காலி வகுப்பில் பத்து நிமிடம், ஒரு வாரம் போதும். எழுத்தின் உயரம் பெருவிரல் நீளத்துக்குக் குறையக் கூடாது. எழுதி முடித்ததும் கடைசிப் பெஞ்சுக்கு நடந்துபோய் அங்கிருந்து ஒரு தரம் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பலகையின் ஓர் ஓரம் பளபளத்து ஒன்றுமே தெரியாது. எந்த ஓரம் என்பது காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முக்கியமானதை அந்த ஓரத்தில் எழுதாதீர்கள்.

வழிகாட்டி ஆசிரியர்

அவர் உங்களைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டார். இன்னார் இன்ன வகுப்பு என்று ஒரு தாளில் போட்டுத் தலைமையாசிரியர் அனுப்பியிருப்பார். சிலருக்கு நீங்கள் ஓய்வு, சிலருக்குத் தொந்தரவு. முதல் வாரம் நீங்கள் வாய் திறக்காமல் அவர் வகுப்பில் பின்னால் உட்கார வேண்டும். உற்றுநோக்கல் ரெக்கார்டு என்று அதற்கும் ஒன்று உண்டு. அதில் "ஆசிரியர் பாடத்தை நன்றாக விளக்கினார்" என்று எழுதிப் பயனில்லை. அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அனுபவப்பட்டவர்கள் நான்கைந்து விநாடி சும்மா நிற்பார்கள். நாம் கேள்வியும் கேட்டு, மூச்சு விடாமல் பதிலையும் நாமே சொல்லிவிடுவோம். இந்த ஒன்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டாலே அந்த ரெக்கார்டு எழுதிய கைவலிக்குத் தகும்.

பாடத்திட்டத்தைக் கையெழுத்துக்குக் கொடுப்பது எப்போது என்பதிலும் ஒரு நாகரிகம் இருக்கிறது. வகுப்புக்குக் கிளம்புகிறவரை வராந்தாவில் மறித்து நிறுத்தி, "டீச்சர், ஒரே ஒரு சைன்" என்று நீட்டாதீர்கள். முதல் நாள் மாலையே கொடுத்துவிட்டு, "நாளைக்கு மூணாவது பீரியடு எடுக்கணும் டீச்சர், பாத்துச் சொல்லுங்க" என்றால், பத்தில் ஆறு பேராவது உண்மையிலேயே படித்துப் பார்ப்பார்கள்.

பதிலி வகுப்பு என்று ஒன்று வரும். விடுப்பில் இருக்கும் ஆசிரியரின் வகுப்புக்கு, "அந்த டிரெய்னிங் பிள்ளைங்கள அனுப்புங்க" என்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்றால் சந்தோஷமாகப் போங்கள். உங்கள் பாடமில்லாத வகுப்பில்தான் பிள்ளைகளோடு சாவகாசமாகப் பேச முடியும். கையில் எப்போதும் இரண்டு புதிர், ஒரு கதை, ஒரு விளையாட்டு வைத்திருங்கள். ஆனால் தினமும் ஐந்து பீரியடு என்று ஆகி, உங்கள் சொந்தப் பாடமே நின்றுபோனால் பள்ளியில் முறையிடாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வரும் பேராசிரியரிடம் எண்ணிக்கையோடு சொல்லுங்கள். எந்தத் தேதி, எத்தனை பீரியடு என்று சின்ன நோட்டில் இருந்தால் அவர் பேசுவதற்கு வசதி.

சத்தம், குச்சி, செல்போன்

முதல் வாரம் வகுப்பு அமைதியாக இருக்கும். உங்கள் திறமை என்று நினைத்துவிடாதீர்கள், அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது வாரம் பின்பெஞ்சில் யாரோ பூனை மாதிரி கத்துவான். யார் என்று விசாரணை தொடங்கினால் அந்த பீரியடு போச்சு. பாடத்தைத் தொடர்ந்து நடத்திக்கொண்டே பின்பெஞ்சுக்குப் போய், அங்கேயே நின்று அடுத்த பத்து நிமிடமும் நடத்துங்கள். குரலை உயர்த்தாதீர்கள். 40 பேர் சத்தத்தை ஒருவர் தொண்டையால் ஜெயிக்க முடியாது; முயன்றால் மாதக் கடைசியில் தொண்டை கட்டிக்கொள்ளும். பேசுவதை நிறுத்திவிட்டு நிற்பது இதைவிட நன்றாக வேலை செய்கிறது. வெந்நீர் பாட்டில் ஒன்று கையோடு இருக்கட்டும்.

யாராவது ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், உங்கள் கையில் குச்சி ஒன்றைக் கொடுப்பார். "இது இல்லாம நம்ம பசங்க அடங்க மாட்டானுங்க." வாங்கி மேசை மேல்கூட வைக்க வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடலால் அடிப்பதை மட்டுமல்ல, மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, மற்றவர் முன்னால் சாதி, அப்பா தொழில், நிறம் சொல்லிப் பேசுவது எல்லாம் அதற்குள் வரும். நிரந்தர ஆசிரியருக்குப் பேச ஆள் இருக்கும். உங்களுக்கு அதுவும் இல்லை.

பிள்ளைகளைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போடாதீர்கள். ரெக்கார்டுக்கு வேண்டிய படங்களைத் தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு, முகம் பெரிதாகத் தெரியாமல் பின்னாலிருந்து எடுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் பெயரை இன்ஸ்டாகிராமில் தேடிக் கண்டுபிடித்து, அன்று ராத்திரியே நட்புக் கேட்பார்கள். ஏற்காதீர்கள். மறுநாள், "என்ன மிஸ், அக்சப்ட் பண்ணலை?" என்று கேட்டால் சிரித்துவிட்டு, போன பாடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்.

ஒரு நாள் ஏதாவது ஒரு பிள்ளை உங்களிடம் தனியாக வந்து, வீட்டிலோ வழியிலோ தனக்கு நடப்பதைச் சொல்லலாம். நிரந்தர ஆசிரியர்களிடம் சொல்லாததை, வயதில் நெருங்கிய உங்களிடம் சொல்வது உண்டு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டு, அன்றைக்கே வழிகாட்டி ஆசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டையும் சின்ன நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்திருங்கள். தனியாள் ஆய்வு ரெக்கார்டில் பிள்ளையின் பெயரோ அடையாளமோ வரக் கூடாது. அந்த ரெக்கார்டு எத்தனை கை மாறும் என்பது உங்களுக்கே தெரியும்.

மதியம்

ஆசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது கூப்பிட்டால் போய் உட்காருங்கள். கூப்பிடாவிட்டால் உங்கள் குழுவோடு சாப்பிடுங்கள். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், கெட்டித் தயிர்ச்சாதம். மூடி திறக்காத டப்பா. குழம்பு கொண்டுபோய் அது லெசன் பிளான் மேல் ஒழுகியதைப் பார்த்திருக்கிறேன். பெண்களுக்கு ஒரு வார்த்தை: ஆசிரியைகளுக்கான கழிப்பறை எது, சாவி யாரிடம் என்று முதல் நாளே கூச்சப்படாமல் ஒரு டீச்சரிடம் கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டுக் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, வயிற்றுவலியோடு போகிற பெண்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

மாலை

வீட்டுக்கு வந்ததும் படுக்கத் தோன்றும். ஐந்து பீரியடு நின்ற கால் அப்படித்தான் சொல்லும். அரை மணி நேரம் படுங்கள். எழுந்ததும் நாளைய வகுப்பு முதலில், ரெக்கார்டு பிறகு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நாளைய வகுப்பில் எதைச் செய்தாலும் முதல் ஐந்து நிமிடத்தையும் கேட்கப்போகும் நான்கு கேள்விகளையும் மட்டும் சொல்லுக்குச் சொல் தயார் செய்தால் போதும். நடுவில் உள்ளது வகுப்பைப் பொறுத்து எப்படியும் வளையும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் பத்து லெசன் பிளான் எழுதிவைக்கும் வீரர்கள் உண்டு. செவ்வாய்க்கிழமையே வகுப்பு ஓரிடத்திலும் பிளான் வேறிடத்திலும் இருக்கும். ஒரு நேரத்தில் இரண்டுக்கு மேல் முன்னால் ஓடாதீர்கள்.

அடைவுத் தேர்வுக்கு ஒரு சுருக்கு வழி சொல்கிறேன். வழிகாட்டி ஆசிரியர் எப்படியும் ஓர் அலகுத் தேர்வு வைப்பார். "அதுக்கு நான் கேள்வித்தாள் எடுத்துத் திருத்தித் தரட்டுமா டீச்சர்?" என்று கேளுங்கள். அவருக்கு 40 தாள் திருத்தும் வேலை மிச்சம், உங்களுக்கு உண்மையான மதிப்பெண் கிடைக்கும். சராசரி, திட்ட விலக்கம், வரைபடம் எல்லாம் அதிலிருந்தே போடலாம். தேர்வே வைக்காமல் மதிப்பெண்ணைக் கற்பனையாகப் போட்டுக்கொள்கிறவர்களின் வரைபடம் அச்சு எடுத்த மாதிரி மணி வடிவில் வந்து நிற்கும். 40 பிள்ளைகளின் மதிப்பெண் அவ்வளவு ஒழுங்காக விழாது. அதில் ஒரு பள்ளமாவது இருக்கும், அந்தப் பள்ளத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அடுத்த வாரப் பாடத்துக்குத் தேவை.

தகுதித் தேர்வுக்குத் தனியாக நேரம் ஒதுக்க முடியவில்லை என்று புலம்புவார்கள். டெட் இரண்டாம் தாளில் 150 கேள்வி: குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மிச்சம் 60 பாடப் பகுதி. அந்த அறுபதுக்கு அடிப்படை நீங்கள் தினமும் கையில் வைத்திருக்கும் 6, 7, 8-ஆம் வகுப்புப் பாடநூல்கள்தான். நடத்தும் பாடத்திலிருந்து, கல்லூரி ரெக்கார்டுக்காக அல்லாமல், தினமும் ஐந்து கொள்குறி வினா நீங்களே எழுதுங்கள். நான்கு விடைகளில் தப்பான மூன்றை எழுதுவதுதான் கஷ்டம். அதற்குச் சின்ன நோட்டில் பிள்ளைகள் சொன்ன தப்புப் பதில்கள் உதவும். அதைவிட நம்பும்படியான தப்பு எந்த கைடிலும் கிடைக்காது. 80 நாளில் 400 வினா சேர்ந்துவிடும். குழுவில் நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் 1,600.

கடைசி வாரம்

கடைசி வாரத்தில் நோட்டில் ஆட்டோகிராப் கேட்டு வருவார்கள், சிலர் அழுவார்கள், நீங்களும் அழலாம். அதற்கு முன்னால் முடிக்கவேண்டியவை இருக்கின்றன. நூலகப் புத்தகம், ஆய்வகத்தில் வாங்கிய பீக்கர், பாட்டில், காந்தம் எல்லாம் எண்ணிக்கை சரிபார்த்துத் திருப்பிக் கொடுங்கள். திருத்திய விடைத்தாள்கள், மதிப்பெண் பட்டியல் வழிகாட்டி ஆசிரியரிடம் போகட்டும். எந்தப் பாடத்தை எதுவரை நடத்தினீர்கள், எந்தப் பிள்ளைகளுக்கு எது இன்னும் பிடிபடவில்லை என்று ஒரே ஒரு பக்கம் எழுதி அவர் கையில் கொடுங்கள். உங்களுக்குப் பிறகு அந்த வகுப்பை எடுப்பவர் அவர்தானே. நீங்கள் செய்த சார்ட்டுகளில் நல்லதாக இரண்டைப் பள்ளிக்கே விட்டுவிட்டு வாருங்கள், கல்லூரியில் மதிப்பெண் போட்டு முடித்த பிறகு.

வருகைச் சான்றிதழில் தலைமையாசிரியர் கையெழுத்து மட்டும் போதாது, பள்ளி முத்திரையும் வேண்டும். முத்திரை இருக்கும் மேசை இழுப்பறையின் சாவி பெரும்பாலும் அலுவலக உதவியாளரிடம் இருக்கும். அவர் வெள்ளிக்கிழமை விடுப்பா என்று திங்கட்கிழமையே கேட்டு வையுங்கள்.